முகம் மாறிய டொக்டர்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொக்டர் ஹூ, பிபிசி 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய அறிவியல் புனைவுத் தொடர். 1989 முதல் 2005 வரை, 1996இல் வந்த ஒரு ரீவிப் படத்தைத் தவிர, நின்றிருந்தது. காலத்திலும் விண்வெளியிலும் அலையும் வேற்றுலகத்தவர் ஒருவர்தான் நாயகர். அவரை எல்லோரும் டொக்டர் என்றே கூப்பிடுவார்கள். அவருடைய கப்பலான டார்டிஸ் வெளியே பார்க்க நீல நிறப் பொலிஸ் தொலைபேசிப் பெட்டி. உள்ளே கால் வைத்தால் முடிவில்லாத மாளிகை. சாகும் தறுவாயில் அவருடைய உடல் முழுவதும் மாறி, வேறொரு நடிகரின் முகத்தோடு எழும்புவார். முகம் மாறும் ஒவ்வொரு முறையும் உவர்மலையிலிருந்து நிலாவெளி வரை ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன.

நாயகரை மாற்றும் பழக்கம் எப்படித் தொடங்கியது?

நடிகரின் உடல்நலக் குறைவால். முதல் டொக்டரான வில்லியம் ஹார்ட்னெல் 55 வயதில் இந்தப் பாத்திரத்தை ஏற்றார். 1966இல் அவரால் தொடர முடியாத நிலை வந்தது. தொடரோ நல்ல வரவேற்போடு ஓடிக்கொண்டிருந்தது. வேறொருவருக்கு அதே வேடத்தைப் போட்டு, ஒன்றும் நடக்காதது போல் காட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், மாற்றத்தையே கதைக்குள் கொண்டுவந்தார்கள். 1966 அக்டோபர் 29 அன்று, தி டென்த் பிளானெட் கதையின் 4ஆம் பகுதியில், ஹார்ட்னெல் தரையில் விழுந்து கிடக்க, முகம் வெளிச்சத்தில் கரைந்து பட்ரிக் ட்ராவ்டனின் முகமானது. அந்தப் பகுதியின் பிரதி இன்று பிபிசியிடம் இல்லை. முகம் மாறும் அந்தச் சில செக்கன்கள் மட்டும், சிறுவர் நிகழ்ச்சி ஒன்றில் காட்டுவதற்காக வெட்டி எடுத்ததால் தப்பின.

முகமும் குணமும் மாறினால் அது எப்படி அதே ஆள்?

இந்த ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கடினமில்லை. கோணேசர் கோயிலைப் பாருங்கள். சம்பந்தர் கோணமாமலை என்று பாடிய கோயிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். கற்களில் ஒரு பகுதி கோட்டைக்குப் போயிற்று, ஒரு பகுதி கடலுக்குள் போயிற்று. இன்று மலையுச்சியில் நிற்பது 20ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கட்டடம். கல் வேறு, கோபுரம் வேறு. ஆனாலும் அது வேறு கோயில் என்று ஊரில் ஒருவரும் சொல்வதில்லை. மலை அதே மலை, மூர்த்தி அதே மூர்த்தி, படியேறிப் போகும் காரணமும் அதேதான்.

டொக்டரும் அப்படித்தான். நினைவுகள் தொடர்கின்றன. இரண்டு இதயங்கள் இருக்கின்றன. துப்பாக்கியைத் தூக்காமல் முதலில் கதைத்துப் பார்க்கும் வழக்கம் தொடர்கிறது. மாறுவது பேச்சும் நடையும் பொறுமையின் அளவும்.

(1956இல் அந்த மலையடியில் கடலுக்குள் இறங்கி, விழுந்து கிடந்த கோயில் தூண்களைப் பார்த்தவர்களில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் ஒருவர். இந்த வகைக் கதைகள் நமது ஊருக்கு அந்நியமில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.)

இதைத் தமிழில் மறுபிறப்பு என்று சொல்லலாமா?

வேண்டாம். மறுபிறப்பு என்றால் குழந்தையாகப் பிறந்து, பழையதை மறந்து, வினையோடு வர வேண்டும். கூடு விட்டுக் கூடு பாய்தலும் பொருந்தாது. திருமூலர் புகுந்தது மூலன் என்ற இடையனின் உடலுக்குள். டொக்டர் யாருடைய உடலையும் எடுப்பதில்லை. பாம்பு சட்டை உரிப்பதுதான் கிட்டத்தட்ட இதற்குச் சமம், ஆனால் சட்டை உரித்த பாம்பு அதே பாம்பாகத் தெரியும். வசனவரியில் (சப்டைட்டிலில்) மீளுருவாக்கம் என்று எழுதினால் பொருள் சரியாக வரும். பேச்சில் ‘டொக்டர் முகம் மாறிட்டார்’ என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

எத்தனை முறை மாறலாம் என்று கணக்கு உண்டா?

1976இல் வந்த தி டெட்லி அசாசின் கதை 12 முறை என்று வரம்பு வைத்தது. அந்தக் கணக்கு முடிந்தபோது, 2013 நத்தார் சிறப்புக் கதையில் டொக்டருக்குப் புதிய சுற்று ஒன்று கொடுத்தார்கள். எனவே எண்ணிக்கையைப் பற்றி இப்போது கவலைப்படத் தேவையில்லை.

புதியவரைப் பிடிக்குமா பிடிக்காதா என்று எத்தனை கதை பார்த்துவிட்டு முடிவு செய்வது?

குறைந்தது நான்கு. முதல் கதையை வைத்து ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள். காரணம் இருக்கிறது: முதல் கதையில் டொக்டர் பெரும்பாலும் சுகமில்லாதவராக, குழம்பியவராக, அரை மயக்கத்தில் இருப்பார். நடிகர் டொக்டரை நடிக்கவில்லை, டொக்டராகிக்கொண்டிருப்பவரை நடிக்கிறார். 2005 நத்தார் அன்று வந்த தி கிறிஸ்மஸ் இன்வேஷன் ஒரு மணி நேரம். அதில் டேவிட் டெனன்ட் பெரும்பகுதி பைஜாமாவோடு படுத்திருக்கிறார். எழும்பிக் கதைக்கத் தொடங்கும்போது கதை முடியப் போகிறது. அதற்குள் ‘பழையவர் போல வராது’ என்று தொலைக்காட்சியை நிறுத்தியவர்கள், பிறகு அவரையே எல்லோரிலும் சிறந்தவர் என்று கொண்டாடினார்கள்.

இரண்டாவது கதையில் டொக்டர் புதிய இடமொன்றில் எப்படிக் கால் வைக்கிறார் என்று தெரியும். மூன்றாவதில் கோபம் வரும். நான்காவதுக்குள் ஒருமுறையாவது தோற்பார், அல்லது யாரையாவது காப்பாற்ற முடியாமல் போகும். அந்தக் காட்சிதான் உரைகல். இந்தத் தொடரில் ஓடுவதையும் கத்துவதையும் எந்த நல்ல நடிகரும் செய்துவிடுவார். ஒரு நிமிடம் பேசாமல் நின்று, ஆயிரம் வருடம் வாழ்ந்தவர் போல் தெரிவதுதான் பாடு.

முதல் கதையில் எதைக் கவனிக்க வேண்டும்?

யார் முதலில் அவரை டொக்டர் என்று நம்புகிறார், எதைப் பார்த்து நம்புகிறார் என்று கவனியுங்கள். எழுத்தாளர் தன் முழுத் திறமையையும் அங்கேதான் வைப்பார்.

1966 நவம்பரில் வந்த ட்ராவ்டனின் முதல் கதையான தி பவர் ஒஃப் த டாலெக்ஸ் இதற்கு மூல உதாரணம். 6 பகுதிகள். கூட வந்த இருவரில் பொலி நம்புகிறார், பென் நம்பவில்லை. புதியவரோ டொக்டரைப் பற்றி வேறு யாரோ போலக் கதைத்து இன்னும் குழப்புகிறார். கடைசியில் அவரை அடையாளம் காண்பது பழைய எதிரியான டாலெக். நண்பனுக்கு வந்த சந்தேகம் எதிரிக்கு வரவில்லை! புதிய நடிகருக்கு இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் எழுதிக் கொடுக்க முடியாது. 6 பகுதிகளின் படமும் தொலைந்துவிட்டது, ஒலி இருக்கிறது. 2016இல் அந்த ஒலிக்கு அசைபடம் வரைந்து வெளியிட்டார்கள்.

2010 ஏப்ரல் 3இல் மட் ஸ்மித் வந்தபோது நம்ப வேண்டியவர் ஒரு சிறுமி. பசிக்கிறது என்று அப்பிள், யோகட், பேக்கன் என ஒவ்வொன்றாகக் கேட்டு, எல்லாவற்றையும் துப்பி, கடைசியில் மீன் துண்டைக் கஸ்டர்ட்டில் தோய்த்துச் சாப்பிடுகிறார். பார்க்க விளையாட்டுக் காட்சி. ஆனால் அந்த நாக்கு புதிது, அவருக்கே தன் ருசி தெரியவில்லை என்பதை ஒரு சமையலறை மேசையில் வைத்துக் காட்டிவிட்டார்கள். அப்போது அவரே எல்லா டொக்டர்களிலும் இளையவர்; தெரிவானபோது வயது 26.

2018 அக்டோபர் 7இல் ஜோடி விட்டேக்கரின் முதல் கதையில் டார்டிஸே இல்லை. வழக்கமான கருவியான சோனிக் திருப்புளியும் இல்லை. ஷெஃபீல்ட் நகரப் பட்டறை ஒன்றில் கரண்டிகளை உருக்கித் தனக்கு ஒன்றைச் செய்துகொள்கிறார். கைகளைப் பாருங்கள்: நெருப்புப் பொறிக்கு நடுவே வேலை தெரிந்த ஆளின் கை. அந்தக் காட்சி முடியும்போது அவர் டொக்டர்தான் என்பதில் சந்தேகம் வராது.

புதியவர் எடுபடாமல் போனதும் உண்டா? ஏன்?

உண்டு. குற்றம் பெரும்பாலும் நடிகரிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கும்.

1984 மார்ச்சில் கொலின் பேக்கர் ஆறாவது டொக்டராக வந்தார். முதல் கதையிலேயே, மாற்றத்தின் குழப்பத்தில், தன்னோடு பயணிக்கும் பெரி என்ற பெண்ணின் கழுத்தை நெரிக்கிறார். கடுமையான ஆளாகத் தொடங்கி, மெல்ல மெல்லக் கனிந்து வருவதாகக் காட்டுவதே திட்டம். திட்டம் பிழையில்லை. ஆனால் அந்தக் கதையை அந்த வருடத்துத் தொடரின் கடைசிக் கதையாகப் போட்டார்கள். மார்ச் 30இல் முடிந்தது. அடுத்தது 1985 ஜனவரி 5இல்தான். ஒன்பது மாதம் பார்வையாளர் மனதில் நின்ற படம், கழுத்தில் இருந்த கை. கண்ணைக் குத்தும் பல வர்ணக் கோட்டு வேறு, துக்கக் காட்சியில்கூட முகத்தைப் பார்க்க விடவில்லை. அவர் நல்ல நடிகர். பிறகு ஒலி நாடகங்களில் அதே பாத்திரத்தை எவ்வளவு அழகாகச் செய்தார் என்று கேட்டவர்களுக்குத் தெரியும்.

இதே கடுமையான டொக்டரை 2014 ஓகஸ்ட் 23இல் பீட்டர் கபால்டி கொண்டுவந்தபோது எடுபட்டது. இரண்டு காரணம். முதலாவது, கதையின் முடிவில் பழைய டொக்டரான மட் ஸ்மித், மாறுவதற்கு முன் எடுத்த போன் அழைப்பு வருகிறது. புதியவர் பயந்திருக்கிறார், அவரோடு கூட நில் என்று, தன்னோடு பயணித்த கிளாராவைக் கேட்கிறார். போனது போகட்டும் என்று நமக்கும் சேர்த்து விடை கொடுக்கும் காட்சி அது. இரண்டாவது, அடுத்த கதை ஒரே கிழமையில் வந்தது.

ஷூட்டி கட்வா டொக்டராக நடித்த முதல் வருடத்தில் அவரைப் பாதிக் கதைகளில் காணவில்லையே?

பாதி இல்லை, எட்டில் இரண்டு. 2024 மே 25 செவன்டி த்ரீ யார்ட்ஸ், ஜூன் 1 டொட் அண்ட் பபிள். படப்பிடிப்புத் தொடங்கியபோது அவர் முன்னர் ஒப்புக்கொண்ட வேறொரு தொடரின் கடைசிப் பகுதிகளிலும் நடித்துக்கொண்டிருந்தார். எனவே அவர் குறைவாக வரும்படி அந்த இரண்டு கதைகளையும் எழுதினார்கள். 13 கதைகள் இருந்த காலத்தில் இது தெரிந்திருக்காது. எட்டில் இரண்டு போனால் வெறிச்சென்று தெரியும். குறை சொல்பவர்கள் உணர்ந்தது உண்மைதான், ஆனால் நடிகர் ஈடுபாடு இல்லாதவர் என்று அதற்குப் பொருள் இல்லை.

அவர் எப்படிப்பட்ட டொக்டர் என்று பார்க்க பூம் என்ற கதையை எடுங்கள். 2024 மே 18. தொடங்கிய சில நிமிடங்களில் கண்ணிவெடியொன்றின் மேல் கால் வைத்துவிடுகிறார். அசைந்தால் வெடிக்கும். பிறகு கதை முழுவதும் நின்ற இடத்திலேயே நிற்கிறார். ஓட முடியாது, கை வீச முடியாது, சிரித்துச் சமாளிக்கவும் முடியாது. கண், குரல், மூச்சு மூன்றை வைத்து 45 நிமிடத்தைத் தூக்கி நிறுத்துகிறார். கண்ணிவெடி என்றால் என்ன என்று இந்த மாகாணத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை, அதனால் இந்தக் கதை இங்கே வேறொரு கனத்தோடு இறங்கும். பிள்ளைகளுக்குக் காட்டும் முன் பெரியவர்கள் ஒருமுறை பாருங்கள்.

டொட் அண்ட் பபிளில் அவர் வருவதே கொஞ்ச நேரம். ஆனால் கடைசி இரண்டு நிமிடத்தைத் தவற விடாதீர்கள். சாகப் போகும் இளைஞர் கூட்டமொன்றை ஏற்றிக்கொண்டு போக வருகிறார். எல்லோரும் வெள்ளையர். அவருடைய நிறத்தைப் பார்த்து, வேண்டாம் என்கிறார்கள். முதலில் சிரிக்கிறார், பிறகு கெஞ்சுகிறார், பிறகு கத்துகிறார். அவமதித்தவர்களையும் காப்பாற்றத் துடிக்கும் அந்த முகத்தில் 1963இலிருந்து வரும் டொக்டர் முழுதாக இருக்கிறார்.

கறுப்பின நடிகர், பெண் நடிகர் என்று மாற்றுவது மரபை மீறுவதில்லையா?

இந்தத் தொடரின் மரபே மாற்றம்தான். கட்வா ருவாண்டாவின் கிகாலியில் பிறந்து ஸ்கொட்லாந்தில் வளர்ந்தவர். அவருக்கு முன்பே, 2020 ஜனவரி 26 அன்று, டொக்டரின் மறந்துபோன ஒரு முகமாக ஜோ மார்ட்டின் என்ற கறுப்பினப் பெண் நடிகர் வந்துவிட்டார்.

விட்டேக்கரின் தெரிவை 2017இல் அறிவித்தபோது ஆங்கிலத்தில் எவ்வளவோ சண்டை நடந்தது. தமிழில் கதைப்பவர்களுக்கு ஒரு வசதி இருந்தது: டொக்டர் வந்தார், டொக்டர் சொன்னார், அவர் ஓடினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே ‘அவர்’. 2017க்கு முன் எழுதிய கதைச்சுருக்கத்தில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டி வரவில்லை. முதலிலிருந்தே ‘அவன்’ என்று எழுதியவர்கள்தான் திண்டாடினார்கள். ஆகவே எப்போதும் ‘அவர்’ என்றே எழுதுங்கள். ஆயிரம் வயது கடந்தவருக்கு அந்த மரியாதை உரியதும்தான்.

தமிழ் வசனவரியில் மற்றவர்கள் டொக்டரை நீ என்பதா, நீங்கள் என்பதா?

ஆங்கிலத்தில் இந்தக் கேள்வியே எழாது, தமிழில் இதுதான் பாதி மொழிபெயர்ப்பு. முதல் சந்திப்பில் எல்லோரும் நீங்கள். கூட்டாளி நெருங்கிய பிறகு என்ன செய்வது என்பதை நடிகரைப் பார்த்துத் தீர்மானியுங்கள். டெனன்ட்டையும் ஸ்மித்தையும் டொனா, ஏமி போன்றவர்கள் நீ என்றால் பொருந்தும். கபால்டியைக் கிளாரா நீங்கள் என்றே கூப்பிட்டு, சண்டை பிடிக்கும்போது மட்டும் நீ என்று மாறினால், அந்த மாற்றமே சண்டையைச் சொல்லிவிடும். கட்வாவிடம் வரும் பெலிண்டா ஒரு தாதி, கெட்டிக்காரி. தன்னைக் கேளாமல் எதையும் செய்ய வேண்டாம் என்று முதல் கதையிலேயே டொக்டரைக் கண்டிப்பவர். அவர் கடைசிவரை நீங்கள் சொல்லட்டும். ஆனால் ஒருமுறை தீர்மானித்ததைக் கதைக்கு நடுவில் மறந்துபோய் மாற்றினால் பார்ப்பவர்கள் தடுமாறுவார்கள். ஒரு தாளில் யார் யாரை எப்படி என்று எழுதிப் பக்கத்தில் வைத்திருங்கள்.

டெனன்ட் தன் ஸ்கொட்லாந்துப் பேச்சை மறைத்தார், கபால்டி மறைக்கவில்லை, விட்டேக்கரிடம் யோர்க்ஷயர் வாடை. இதற்காக ஒருவருக்கு மட்டக்களப்புத் தமிழ், ஒருவருக்கு யாழ்ப்பாணத் தமிழ் என்று கொடுக்க ஆசை வரும். செய்யாதீர்கள். பத்து நிமிடத்தில் கேலி போலாகிவிடும். வேகத்தை வசன நீளத்தில் காட்டுங்கள்: ஸ்மித்துக்குத் துண்டு துண்டாக, கபால்டிக்கு முற்றுப்புள்ளியோடு.

வசனவரி செய்யும்போது எங்கே பிழைக்கிறது?

மூன்று இடங்களில்.

முதலாவது எழுத்துரு. பாமினியில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள் அப்படியே சேமிக்கிறார்கள். திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாக வரும். யூனிகோட்டில் தட்டச்சுச் செய்து, யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும். கோப்பின் உள்ளே ஒவ்வொரு வசனமும் இப்படி இருக்கும்:

84
00:12:05,400 --> 00:12:08,200
கையை விடாதே. ஓடு!

நேரத்தில் செக்கனுக்குப் பிறகு வருவது காற்புள்ளி, புள்ளி இல்லை. இரண்டு வசனங்களுக்கு இடையே ஒரு வெற்று வரி கட்டாயம். ஒரு தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு நான்கைந்து சொல். செக்கனுக்கு இரண்டு சொல்லுக்கு மேல் போனால் வாசித்து முடிக்கும் முன் மறையும். வாசிப்பதிலேயே கண் இருந்தால் நடிகரின் முகத்தை எப்போது பார்ப்பது? அதனால் முகம் முக்கியமான காட்சியில் பாதிச் சொல்லை வெட்டத் தயங்காதீர்கள்.

இரண்டாவது நேர நழுவல். ஆங்கில வசனவரிக் கோப்பொன்றை எடுத்து அதன் நேரங்களிலேயே தமிழை எழுதுவோம். தொடக்கத்தில் பொருந்தும், போகப் போகப் பிந்தும். பிரித்தானியப் படம் செக்கனுக்கு 25 சட்டகம் (ஃபிரேம்) ஓடுகிறது, கோப்பு 23.976க்குச் செய்தது என்றால் 45 நிமிட முடிவில் ஏறக்குறைய 1 நிமிடம் 55 செக்கன் பிந்தியிருக்கும். முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு பிந்தினால் முழுவதையும் நகர்த்தினால் போதும். வளர்ந்துகொண்டு போனால் எல்லா நேரங்களையும் 0.959 ஆல் பெருக்க வேண்டும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் சட்டக வேகத்தைச் சொன்னால் தானே செய்துவிடும்.

மூன்றாவது தொலைக்காட்சி. லப்டொப்பில் அழகாக வந்த தமிழ், பென் டிரைவில் போட்டு ரீவியில் செருகியதும் கட்டம் கட்டமாக வரும், அல்லது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பல ரீவிகளில் தமிழை அடுக்கத் தெரிந்த எழுத்துரு இல்லை. லப்டொப்பை எச்டிஎம்ஐ வயரால் இணையுங்கள். அல்லது ஹேண்ட்பிரேக் மென்பொருளில் வசனவரியைப் படத்தோடு பதித்துவிடுங்கள். பதித்த பின் எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது, ஆகவே மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்.

புதிய கதை இங்கே எத்தனை மணிக்கு?

மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரித்தானிய நேரத்தோடு 4.30 மணியைக் கூட்டுங்கள். மற்ற மாதங்களில் 5.30. 2025இல் பெரும்பாலும் சனிக்கிழமை காலை 8 மணிக்கு அங்கே இணையத்தில் வெளியிட்டார்கள், நமக்கு மதியம் 12.30. பல பிள்ளைகள் அந்த நேரம் ரியூஷனில் இருப்பார்கள். முகம் மாறும் கதையென்றால் வட்ஸ்அப் குழுவில் ஞாயிறு இரவு வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. முகப்புப் படத்தையும் மாற்றக் கூடாது. 2025 மே 31 அன்று பலருக்கு இரகசியம் போனது முகப்புப் படத்தால்தான்.

பிரித்தானியாவிலிருந்து உறவினர் அனுப்பும் டிவிடி இங்கே ஓடுமா?

டிவிடிகளை உலகப் பிராந்தியங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள்: பிரித்தானியா 2, இலங்கை 5. இங்கே வாங்கும் பல பிளேயர்கள் எல்லாப் பிராந்தியங்களையும் ஏற்கும், பெரும்பாலும் ஓடிவிடும். இரண்டு நாட்டிலும் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை என்பதால் நிறத்தில் சிக்கல் வராது. புளூரேயில் பிரித்தானியா பி, இலங்கை சி. அங்கே பிளேயர்கள் கண்டிப்பானவை. அனுப்பச் சொல்லும் முன் உறையின் பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய கதைகளைப் போட்டால் ரீவி அதை இழுத்துத் திரையை நிரப்பும், நான்காவது டொக்டரான டொம் பேக்கரின் முகம் பூசணிக்காய் போல் அகலமாகும். அமைப்பில் 4:3 என்று மாற்றுங்கள். முகத்தைப் பிழையாகக் காட்டிவிட்டு நடிகரைப் பிடிக்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை.

முற்றத்தில் திரை கட்டிப் பார்க்கலாமா?

பார்க்கலாம், டிக்கெட் போட்டுக் காட்டக் கூடாது; அதற்கு உரிமை வாங்க வேண்டும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று. இரண்டு மரத்துக்கு நடுவே வேட்டியைக் கட்டினால் பாய் போலப் புடைக்கும், முகங்கள் வளையும். சுவரோடு ஒட்டிக் கட்டி, கீழ் விளிம்பில் மூங்கில் கம்பொன்றைச் செருகுங்கள். 7 மணிக்கு முன் தொடங்க வேண்டாம், வெளிச்சம் இருக்கும். ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வைக்காமல் பார்ப்பவர்களுக்குக் கிட்ட வையுங்கள். காற்றிலும் கடல் இரைச்சலிலும் முதலில் காணாமல் போவது தணிந்த குரல். நல்ல டொக்டர்கள் முக்கியமானதைத் தணிந்த குரலில்தான் சொல்வார்கள்.

முகம் மாறும் கதைகளை மட்டும் வரிசையாகப் பார்க்க வழி உண்டா?

2005 முதல் வந்ததை ஐந்து சோடியாகப் பாருங்கள், மொத்தம் ஏறக்குறைய 11 மணி நேரம். தி பார்ட்டிங் ஒஃப் த வேய்ஸ், தி கிறிஸ்மஸ் இன்வேஷன். தி எண்ட் ஒஃப் டைம் இரண்டாம் பகுதி, தி இலெவன்த் அவர். தி டைம் ஒஃப் த டொக்டர், டீப் பிரெத். ட்வைஸ் அபோன் எ டைம், தி வுமன் ஹூ ஃபெல் டு ஏர்த். தி பவர் ஒஃப் த டொக்டர், தி ஸ்டார் பீஸ்ட். கிழமைக்கு ஒரு சோடி. விடைபெறுதலையும் வருகையையும் ஒரே இரவில் பார்க்க வேண்டும். இடையில் நாள் விட்டால் பழையவர் மேல் இருக்கும் துக்கம் இறுகிப் புதியவர் மேல் கோபமாகிவிடும்.

கட்வாவை மட்டும் அறிய வேண்டுமென்றால் தி சேர்ச் ஒன் ரூபி ரோட், பூம், டொட் அண்ட் பபிள், தி ஸ்டோரி அண்ட் தி எஞ்சின். கடைசியில் சொன்னது நைஜீரியாவின் லாகோஸில், ஒரு சலூனுக்குள் நடக்கிறது. முடி வெட்டிக்கொண்டே கதை சொல்லும் ஆண்கள். நமது ஊர்ச் சலூனில் ஞாயிறு காலை உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த வாங்கும் அந்தப் பேச்சும் உடனே பிடிபடும்.

தெற்காசியர் யாரும் இந்தத் தொடரில் இருக்கிறார்களா?

முதல் கதையை 1963இல் இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். 2018 நவம்பர் 11இல் வந்த டீமன்ஸ் ஒஃப் த பஞ்சாப் 1947 பிரிவினையைப் பற்றியது, எழுதியவர் வினய் பட்டேல். பெலிண்டாவாக வரும் வரதா சேது கேரளத்தில் பிறந்தவர். பூமில் வேறொரு பாத்திரத்தில் வருபவரும் அவரேதான்.

பில்லி பைப்பர்தான் அடுத்த டொக்டரா?

2025 மே 31 அன்று, தி ரியாலிட்டி வோர் கதையின் முடிவில், கட்வாவின் உடல் மாறியபோது வந்த முகம் அவருடையது. அது உறுதி. ஆனால் பெயர்ப் பட்டியலைக் கவனியுங்கள்: வழக்கமாக அந்த இடத்தில் இன்னார் ‘டொக்டராக’ என்று போடுவார்கள். இந்த முறை ‘அறிமுகம் பில்லி பைப்பர்’ என்று நிறுத்திவிட்டார்கள். 2005இல் டொக்டரின் கூட்டாளி ரோஸாக வந்து தொடரின் மறுவாழ்வையே தோளில் தாங்கியவரை அறிமுகம் என்று போடும்போது, அந்த விடுபட்ட சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

முன்பு பார்த்த முகம் திரும்பி வருவது புதிதில்லை. கொலின் பேக்கர் டொக்டராகும் முன் 1983இல் காவல் தலைவராக வந்து டொக்டரையே சுட்டார். கபால்டி 2008இல் பொம்பெய் நகரத்துக் குடும்பத் தலைவராக வந்தார். ஏன் அதே முகம் என்பதற்கு 2015இல் கதைக்குள்ளேயே காரணம் சொன்னார்கள்: அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியதை மறக்கக் கூடாது என்று டொக்டர் தானே தெரிந்தெடுத்த முகம் அது. ரோஸின் முகத்துக்கும் அந்த அளவு கனமான காரணம் வேண்டும். அதை எதிர்பார்க்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

அம்மம்மாவும் கூட இருந்து பார்க்கிறார். பழைய ஆள் எங்கே என்று கேட்டால்?

காத்தவராயன் கூத்தைச் சொல்லுங்கள். விடிய விடிய நடக்கும் அந்தக் கூத்தில் பாலகாத்தான் ஒருவர், ஆதிகாத்தான் ஒருவர், பிற்காத்தான் வேறொருவர். ஒருவர் ஆடிக் களைத்து உள்ளே போக, அடுத்தவர் அதே மெட்டில் பாடிக்கொண்டு வெளியே வருவார். சபையில் யாரும் இது யார் புதிதாக என்று கேட்பதில்லை. பாட்டைக் கேட்டு, இவர் முந்தியவரைவிடக் குரல் நல்லது, ஆட்டம் கொஞ்சம் குறைவு என்று கதைப்பார்கள். கழுமரம் ஏறும் நேரம் அதே காத்தானுக்காக அழுவார்கள். ‘அம்மம்மா, அடுத்த காத்தான் வந்திட்டார்’ என்று சொன்னால் போதும். அதற்குப் பிறகு இவருடைய குரல் எப்படி என்று அவர்தான் உங்களுக்குச் சொல்லுவார்.